தப்பான கட்டத்தில் ஒரு வரி

தலைவலி என்று போனால் எந்தப் பக்கம் வலிக்கிறது என்று எல்லா டாக்டரும் கேட்பார்கள். டாக்டரம்மா அதற்குப் பிறகுதான் ஆரம்பிப்பார். வலி வரும்போது ஜன்னலைத் திறக்கத் தோன்றுமா, மூடத் தோன்றுமா? பக்கத்தில் யாராவது இருந்தால் தேவலையா, தனியாக விட்டால் தேவலையா? தண்ணீரை மடமடவென்று குடிப்பீர்களா, வாயை நனைத்துவிட்டு வைத்துவிடுவீர்களா? கேட்டுக்கொண்டே எழுதுவார். மூன்று பக்கம் எழுதி முடித்த பிறகுதான் பின்னால் இருக்கிற அலமாரியைத் திறந்து சின்னச் சின்னச் சர்க்கரை உருண்டைகளை எடுப்பார்.

பட்டாபிராம் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கள் இரண்டு பேருடைய ஷட்டரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. என்னுடையது மெடிக்கல் ஷாப், அவருடையது ஹோமியோபதி கிளினிக். நடுவே ஒரே சுவர். அவர் கேட்கிற கேள்வி எனக்குக் கேட்காது, ஆனால் பதில் சொல்கிறவர்கள் சிரிப்பதும் அழுவதும் கேட்கும். சாஃப்ட்வேர் வேலையில் இருந்த ஒரு பையன், ரயிலில் போய்ப் போய்க் கழுத்து பிடித்துக்கொண்டது என்று வந்தான். அவனிடம் அப்பாவோடு கடைசியாக எப்போது பேசினாய் என்று கேட்டிருக்கிறார். அந்தப் பையன் வெளியே வரும்போது முகத்தைக் கழுவத் தண்ணீர் கேட்டு என் கடையில் நின்றான். கழுத்து எப்படி என்று கேட்டேன். தெரியலண்ணா என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த வாரம் திரும்பி வந்தான், அதற்கடுத்த வாரமும் வந்தான்.

டாக்டரம்மா தேனிப் பக்கத்துக்காரர். கணவருக்கு ஆவடியில் ராணுவ ஃபேக்டரியில் வேலை கிடைத்ததால் இந்தப் பக்கம் வந்தவர். கணவர் தவறிய பிறகும் ஊருக்குப் போகவில்லை. நான் சந்தித்தபோது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் கிட்டத்தட்ட அதே வயசு. நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை சார் என்பார். பதினோரு வருஷம் அப்படியே போனது.

அவருடைய மருந்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அவருக்கும் அது தெரியும். ஒரு துளியை எடுத்துத் தண்ணீரில் கலந்து, அதிலிருந்து ஒரு துளியை எடுத்து மறுபடி கலந்து, கடைசியில் மருந்தே இல்லாத வரைக்கும் கலக்குகிறீர்களே, அது எப்படி வேலை செய்யும் என்று ஒருநாள் கேட்டேன். உங்களுக்கு நிரூபித்துக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை சார், வருகிறவர்கள் நல்லாயிருக்கிறது என்கிறார்கள், அதுதான் எனக்குத் தெரியும் என்றார். ஆனால் அவர் பிடிவாதக்காரர் இல்லை. நெஞ்சு வலி, நாய்க்கடி, மூன்று நாளைக்கு மேல் காய்ச்சல் என்று யார் வந்தாலும் நாற்காலியில் உட்காரவே விடமாட்டார். இது என் வேலை இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று அவரே ஆட்டோவை நிறுத்தி ஏற்றி அனுப்புவார். அந்த விஷயத்தில் அவரை நான் மதித்தேன்.

முனுசாமி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. திருமழிசையைத் தாண்டி, ஃபேக்டரிகளுக்குப் பின்னால் மிச்சமிருக்கிற வயக்காட்டில் ஆடு மேய்க்கிறவர். வயசு நாற்பத்தைந்து இருக்கும். வலது முன்னங்கையில் ஒரு புண். நீர் கோத்த கொப்புளம் மாதிரி இருந்தது, நடுவில் லேசாகக் கறுத்திருந்தது. இதெல்லாம் டாக்டரம்மா பிறகு சொன்னது. அன்றைக்கு அவர் கிளினிக்குக்குள் போவதை நான் பார்க்கவில்லை.

நோவே இல்ல மேடம், அரிக்குது, அவ்ளோதான் என்றிருக்கிறார் முனுசாமி. டாக்டரம்மா வழக்கம்போல ஆரம்பித்தார். வெந்நீர் பட்டால் தேவலையா, பச்சைத் தண்ணியா? தூக்கம் எப்படி? சாப்பாடு? சாப்பாடு என்றதும் முனுசாமிக்குக் கண் கலங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆடு செத்துவிட்டது, அதிலிருந்து சோறு இறங்கவில்லை என்றார். வெள்ளச்சி என்று பெயர். தாய் ஆடு குட்டியிலேயே விட்டுவிட்டுப் போய்விட, புட்டிப்பால் கொடுத்து வளர்த்ததாம். சொல்லிக்கொண்டே அழுதிருக்கிறார். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அவர் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு எழுதினார். துக்கத்துக்கு என்று அவர்களிடம் ஒரு மருந்து உண்டு. அதைக் கொடுத்து அனுப்பினார்.

திங்கட்கிழமை காலை, நான் கடையைத் திறந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. டாக்டரம்மா என் வாசலில் நின்றார். செருப்புப் போட்டிருக்கவில்லை.

"சார், ஒரு ஆட்டோ பிடிங்க. நீங்களும் கூட வாங்க."

உள்ளே போனேன். முனுசாமி நாற்காலியில் சாய்ந்திருந்தார். கை தோள் வரைக்கும் வீங்கித் தலையணை மாதிரி இருந்தது. புண் இருந்த இடத்தில் அடுப்புக்கரியை ஒட்ட வைத்தது போல ஒரு கறுப்புப் பொருக்கு. அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் கொப்புளங்கள். காய்ச்சல் அனலாக அடித்தது. இவ்வளவுக்கும் வலிக்கவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் சுவரோரமாக நின்றுகொண்டு, வலிக்கலையே, அப்புறம் ஏன் மேடம் இப்படி வீங்குது என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

மேஜையில் ஒரு தடிமனான புத்தகம் விரிந்திருந்தது. அதன் மேலேயே ஒரு சின்ன பாட்டில் இருந்தது. பிற்பாடுதான் அது என்னவென்று தெரிந்தது. முனுசாமிக்கு வந்திருந்த அதே நோயில் செத்த பிராணியின் உடம்பிலிருந்தே எடுத்து, ஒன்றுமில்லாமல் ஆகும்வரை கரைத்துச் செய்கிற மருந்து. கறுத்த புண், சுற்றி வீக்கம் என்று புத்தகத்தில் அந்த மருந்துக்கு எழுதியிருந்த ஒவ்வொரு குறியும் முனுசாமியின் கையில் இருந்தது. டாக்டரம்மா அந்த பாட்டிலை எடுத்திருக்கிறார், மூடியைக்கூடத் திறந்திருக்கிறார். திறந்த கையோடு, ஆடு எப்படிச் செத்தது என்று கேட்டிருக்கிறார். காலையில் நல்லா மேய்ந்தது, மத்தியானம் தள்ளாடி விழுந்து செத்தது என்றார் முனுசாமி. யார் புதைத்தது என்று கேட்டிருக்கிறார். அப்போதுதான் அது வெளியே வந்தது.

"நான்தான் உரிச்சேன் மேடம். மச்சான், தோலு வீணா பூடும்னான். என் கையால உரிச்சேன். மூக்காண்ட கறுப்பா ரத்தம் வந்துகினே இருந்துச்சு. உறையவே இல்ல."

வளர்த்த ஆட்டைத் தானே உரித்ததைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, வெள்ளிக்கிழமை அதை விழுங்கியிருக்கிறார். டாக்டரம்மா பாட்டிலை மூடிப் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டு, செருப்பு மாட்டாமல் என் கடைக்கு வந்தார்.

அடைப்பான் நோய் என்று ஊர்ப்பக்கம் சொல்வார்கள். ஆங்கிலத்தில் ஆந்த்ராக்ஸ். மாட்டுக்கும் ஆட்டுக்கும் மண்ணிலிருந்து வருவது. செத்த பிராணியை அறுக்கிறவர்களுக்கும் உரிக்கிறவர்களுக்கும் கைக்கீறல் வழியாக உள்ளே போகும். மனுஷனிடமிருந்து மனுஷனுக்கு அப்படிச் சுலபமாக ஒட்டாது. சீக்கிரம் பிடித்துவிட்டால் சாதாரண ஆன்டிபயாட்டிக் போதும், என் கடையின் இரண்டாவது தட்டில் இருக்கிற மாத்திரைதான். நான் படித்த காலத்தில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். பரீட்சைக்கு வராது என்று அதைத் தாண்டிப் போனவன் நான்.

ஆட்டோவில் டாக்டரம்மா முன்னால் டிரைவரோடு ஒட்டி உட்கார்ந்தார். நானும் முனுசாமியும் அவர் சம்சாரமும் பின்னால். முனுசாமி என் முகத்தைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார், தெரிந்த ஆளைப் பார்த்தால் ஆட்டுவோமே, அப்படி. நான் பார்வையை வெளியே திருப்பிக்கொண்டேன்.

ஏனென்றால் அதற்கு முந்தைய புதன்கிழமை அவர் என் கடைக்கு வந்திருந்தார். கொசு கடித்த மாதிரி ஒரு தடிப்பு, அரிக்கிறது என்றார். நான் போனில் மொத்த வியாபாரியோடு பேசிக்கொண்டிருந்தேன். நோவு இருக்கா என்றுகூடக் கேட்கவில்லை. அவராகத்தான் நோவு இல்லை என்றார். அரிப்புக்குப் போடுகிற ஆயின்மென்ட் ஒன்றை எடுத்துக் கவுண்டரில் வைத்தேன். அவர் கை கவுண்டரின் மேலேதான் இருந்தது. நான் குனிந்து பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் முதலில் பாம்புக்கடியா என்று பார்த்தார்கள். டாக்டரம்மா விடவில்லை. ஆடு செத்தது, உரித்தது, ரத்தம் உறையாதது என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தார். ஹோமியோபதி டாக்டர் என்று அறிமுகம் செய்துகொண்டதும் அங்கிருந்த நர்ஸ் ஒருவர் முகத்தைச் சுளித்தார். டாக்டரம்மா அதைப் பொருட்படுத்தவில்லை. டூட்டியில் இருந்த இளம் டாக்டர் தாளை வாங்கி முழுசாகப் படித்தார். எழுந்து போய்ப் பெரிய டாக்டரைக் கூட்டிவந்தார். புண்ணிலிருந்து பரிசோதனைக்கு எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரக் காத்திருக்காமல் பென்சிலினை டிரிப்ஸில் ஏற்றினார்கள்.

வராந்தாவில் அந்த இளம் டாக்டர் எங்களிடம் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"அஞ்சு நாள் முன்னாடி வந்திருந்தா மாத்திரையிலயே போயிருக்கும்."

டாக்டரம்மா, மூணு நாள் முன்னாடி என்கிட்ட வந்தார் டாக்டர் என்றார். அந்த இளம் டாக்டர் உள்ளே போய்விட்டார். நான் விரலை மடக்கி எண்ணினேன். திங்கள், ஞாயிறு, சனி, வெள்ளி, வியாழன், புதன். அஞ்சு நாள் முன்னாடி அவர் இருந்தது என் கவுண்டரில்.

வீக்கம் கழுத்துக்கு ஏறி மூச்சை அடைத்தது. புதன்கிழமை மத்தியானம் முனுசாமி போய்விட்டார்.

பரிசோதனை முடிவு வந்தபோது அவரை அடக்கம் செய்தாயிற்று. டாக்டரம்மா அதற்குள்ளேயே அவர் வீட்டுக்குப் போய், அன்றைக்கு அந்த ஆட்டைத் தொட்டது யார் யார் என்று ஒவ்வொருவராகக் கேட்டிருந்தார். உரிக்கும்போது ஆட்டின் காலைப் பிடித்துக்கொண்ட மச்சானுக்கு விரல் இடுக்கில் ஒரு தடிப்பு ஆரம்பித்திருந்தது. அவரைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். மாத்திரை கொடுத்தார்கள். தடிப்பு கறுத்து, காய்ந்து, உதிர்ந்துவிட்டது. ஆள் இன்றைக்கும் இருக்கிறார். முனுசாமியின் சம்சாரத்துக்கும் வருமுன் காக்க மாத்திரை கொடுத்தார்கள். கால்நடைத் துறை ஆட்கள் வந்து சுற்றுவட்டார ஆடு மாடுகளுக்கெல்லாம் தடுப்பூசி போட்டார்கள், ஆட்டைப் புதைத்த இடத்தில் மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு கொட்டினார்கள். டாக்டரம்மா இல்லாவிட்டால் இன்னும் இரண்டு சாவு விழுந்திருக்கும் என்று அந்த ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் அதை அவரிடம் சொன்னேன்.

அவர் மேஜை டிராயரைத் திறந்து முனுசாமியின் கேஸ் ஷீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். அதில் பல கட்டங்கள் இருந்தன. உணவு, தூக்கம், வேலை, மனம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். வேலை என்ற கட்டத்தில் 'ஆடு மேய்ப்பவர்' என்று மட்டும் இருந்தது. மனம் என்ற கட்டத்தில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: வளர்த்த ஆடு ஞாயிறன்று இறந்துவிட்டது. சொல்லும்போது அழுகிறார்.

"நான் கேட்டேன் சார். அவர் சொன்னார். எழுதியும் வெச்சேன். தப்பான கட்டத்துல எழுதிட்டேன்."

நான் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. மேடம், உங்களுக்கு முன்னால் என்னிடம் வந்தார் என்று சொல்ல வாய் வரை வந்தது. கடையில் ஆள் நிற்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன். கடையில் யாரும் நிற்கவில்லை.

அதற்குப் பிறகும் அவர் கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை. ஆனால் கேள்விகள் மாறிவிட்டன. யார் வந்து உட்கார்ந்தாலும், என்ன உபாதை என்று கேட்பதற்கு முன்பே, உங்க வீட்டுல, அக்கம்பக்கத்துல, சமீபத்துல ஏதாவது பிராணி செத்துச்சா என்று கேட்பார். இல்லை என்றால் விடமாட்டார். கோழி? பூனை? கறி எங்கே வாங்கினீங்க? தோல் சாமான் ஏதாவது? அடுக்குமாடியில் ஏழாவது மாடியில் இருக்கிற பெண் ஒருத்தி, முடி கொட்டுகிறது என்று வந்தவள், அரைமணி நேரம் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வெளியே வந்து என்னிடம், அந்த மேடத்துக்கு ஏதாவது பிரச்சனையா அங்கிள் என்று கேட்டாள். முன்பு சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பும் அழுகையும் கேட்கும். இப்போது அவர் குரல் மட்டும்தான் கேட்டது.

மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறித் திருமழிசைப் பக்கம், ஆட்டைப் புதைத்த இடத்துக்குப் போவார். அந்த நோயின் விதை மண்ணுக்குள் பத்து வருஷமானாலும் இருபது வருஷமானாலும் சாகாமல் கிடக்கும், அங்கே எதுவும் மேயக்கூடாது, யாரும் தோண்டக்கூடாது. அவரே ஒரு தகரப் பலகை எழுதி நட்டுவிட்டு வந்தார். அடுத்த மாதம் போனால் பலகை இல்லை. பக்கத்தில் மனை போட்டு விற்கிறவர்கள் பிடுங்கியிருக்கலாம். மறுபடி எழுதி நட்டார். ஒருமுறை நானும் கூடப் போனேன். வரப்போரமாக நின்று அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு எல்லாம் மழையில் கரைந்து, அந்த இடத்தில் மட்டும் புல் அடர்த்தியாக, பச்சைப்பசேலென்று வளர்ந்திருந்தது. இங்க எவ்வளவு நல்லா வளருது பாருங்க சார் என்றார்.  மேடம் போகலாம் என்று மூன்று தடவை கூப்பிட்டேன்.

இரண்டு வருஷத்தில் கிளினிக்கை மூடிவிட்டார். ஓனரிடம் கொடுக்கச் சொல்லிச் சாவியை என்னிடம் தந்தபோதும் நான் சொல்லவில்லை. ஆவடியில் மகள் வீட்டில் இருக்கப் போவதாகச் சொன்னார். பக்கத்து ஷட்டரில் செல்போன் ரிப்பேர் கடை வந்தது. நானும் ஒரு வழக்கம் பிடித்துக்கொண்டேன். யார் வந்து எந்த மருந்து கேட்டாலும் கையைக் காட்டச் சொல்வேன். சில பேர் சிரிப்பார்கள், சில பேர் காட்டுவார்கள்.

போன வருஷம், மழை விட்ட ஒரு சாயங்காலம், கடையை என் மனைவியிடம் விட்டுவிட்டு ஆவடிக்குப் போனேன். ரயிலில் இரண்டு ஸ்டேஷன்தான், பத்து நிமிஷம்கூட ஆகாது. அந்தப் பத்து நிமிஷத்தைத் தாண்ட எனக்கு ஆறு வருஷம் ஆகியிருந்தது.

மகள் ஆபீஸிலிருந்து வந்திருக்கவில்லை. டாக்டரம்மாவே கதவைத் திறந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. காபி போட்டுக் கொண்டுவந்தார். நான் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். புதன்கிழமை, போன், ஆயின்மென்ட், கவுண்டரின் மேல் இருந்த கை, ஆட்டோவில் தலையாட்டியது, எல்லாவற்றையும்.  டாக்டரம்மா அழுவார் என்று நினைத்தேன். திட்டுவார் என்றும் நினைத்தேன். எழுந்து உள்ளே போய் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தார்.

எத்தனை மணிக்கு வந்தார் என்று கேட்டார். பத்தரை இருக்கும் என்றேன். எழுதினார். தனியாக வந்தாரா, வந்தவர் உட்கார்ந்தாரா, எந்தக் கையால் ஆயின்மென்டை வாங்கினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இடது கையால் வாங்கினார் என்று சொன்ன பிறகுதான் அது எனக்கே ஞாபகம் வந்தது. நீங்க ஏதாவது கேட்டீங்களா என்றார். இல்ல மேடம் என்றேன். அதையும் எழுதினார். அப்புறம் உங்களுக்குத் தூக்கம் எப்படி என்றார். பசி எப்படி, சம்சாரத்திடம் சொன்னீர்களா, கடையில் யாராவது கை நீட்டினால் என்ன செய்கிறது என்று கேட்டுக்கொண்டே போனார். ஒன்றுக்குக்கூட நான் பொய் சொல்லவில்லை. பதில் சொல்லச் சொல்ல எனக்கு மனசு லேசானது. அன்றைக்கு அந்தச் சாஃப்ட்வேர் பையன் ஏன் மறுபடி மறுபடி வந்தான் என்று புரிந்தது.

"அவர் கனவுல வர்றாரா?"

"வர்றார் மேடம்."

"கை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. ஒரு புண்ணும் இல்ல."

"ஏதாவது சொல்றாரா?"

"இல்ல. சும்மா நிக்கிறார். நான் ஏதாவது கேப்பேன்னு நிக்கிற மாதிரி."

பேனா நின்றது. நோட்டை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"என் கனவுலயும் வர்றார். நான் கேட்டுப் பார்த்துட்டேன் சார்" என்றார். "இப்ப கேட்டா பதில் சொல்லமாட்டேங்கிறார்."